இடப்பக்க விளக்கு

மத்தியானச் சாப்பாட்டுக்காக ஸ்டுடியோ கதவைச் சாத்தப்போன நேரத்தில், யாரும் தொடாத இடப்பக்க ஃப்ளாஷ் விளக்கு பளிச்சென்று ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

புகைப்படக்காரர் திரும்பிப் பார்த்தார். கேமரா பைக்குள் கிடந்தது. வலப்பக்க விளக்கு ப்ளக் கழற்றி மூலையில் சாத்தியிருந்தது. காலி ஸ்டூல், அதன் பின்னால் சாம்பல் நிறத் திரைச்சீலை, சூடேறிய தூசியின் வாடை, விளக்கில் மறுபடி சார்ஜ் ஏறும்போது காதோரக் கொசு மாதிரி மெலிந்துகொண்டே போகும் அந்த ஒலி, எல்லாம் இருபது வருஷமாகப் பழகியவைதான்.

அடுத்த நாளும் அடித்தது. அதற்கடுத்த நாளும்.

பழசாகிவிட்ட அந்த விளக்கைத் தலைமுழுகிவிட்டுப் புதுசு வாங்கச் சொல்லி அவருடைய அக்கா ஆறு மாசமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள். மனைவி இறந்தும் ஆறு மாசம்தான். கல்யாணமான புதிதில் இருவருமாகப் போய் வாங்கிய விளக்கு அது. அதைச் சாய்த்துப் பிடித்து, வருகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் இதமாக விழச் செய்வது எப்போதும் அவள் வேலை. தூக்கிப்போட அவருக்கு மனசு வரவில்லை. ரிப்பேர் பார்ப்பதா, மாற்றுவதா என்று கேட்க மெக்கானிக்கை வரவழைத்தார்.

மெக்கானிக் கழற்றி, துடைத்து, மீட்டர் வைத்துப் பார்த்தார். கோளாறு எதுவும் அகப்படவில்லை. பக்கவாட்டில் பொட்டு அளவுக்கு இருந்த சென்சாரைத் தொட்டுக் காட்டினார். கேமராவிலிருந்து இந்த விளக்குக்கு ஒயர் கிடையாது. அறையில் இன்னொரு ஃப்ளாஷ் அடித்தால், இந்தக் கண் அதைப் பார்த்துத் தானும் அடிக்கும். புகைப்படக்காரருக்குத் தெரியாததா அது?

"இதை டேப் போட்டு மூடினா அடிக்கல, சார். எடுத்தா அடிக்குது. அப்போ எதையோ பார்த்துத்தான் அடிக்குது. எனக்கு இது சரியாப் படல, மாத்திடுங்க."

மெக்கானிக் போனதும் அவர் ஸ்டூலைப் பார்த்தபடி அழுதார். பயத்தில் இல்லை. அவள் கூப்பிடுகிறாள் என்று நினைத்தார். கூப்பிடுகிறவளைப் பழைய இரும்புக் கடையில் கொண்டுபோய்ப் போட முடியுமா?

இருட்டில் ஷட்டரைத் திறந்தே வைத்தால், ஃப்ளாஷ் அடிக்கிற நொடியில் எதிரே இருப்பது படமாகிவிடும். கறுப்புத் திரைகளை இழுத்துவிட்டார். கேமராவை ஸ்டூலுக்கு நேரே நிறுத்தி ஷட்டரைத் திறந்தார். கும்மிருட்டு. சார்ஜ் ஏறும் ஒலி. அவருடைய மூச்சு.

பளிச்.

படத்தைப் பார்த்தார். ஸ்டூலில் அவள் உட்கார்ந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் இருந்தபடியே இருந்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது, அணைத்துவிடச் சொல்லுங்கள் என்று கெஞ்சுவாளே, அப்படி இரண்டு உள்ளங்கைகளையும் கண்களில் அழுத்தியிருந்தாள். தரையில் அவளுக்கு இரண்டு நிழல்கள். ஒன்று அவருடைய விளக்கால் விழுந்தது. மற்றது எதிர்ச்சுவர்ப் பக்கமிருந்து வந்த வெளிச்சத்தால். அங்கே விளக்கே கிடையாது. வெறும் சுவர்.

அவள் கூப்பிடவில்லை. யாரோ அவளைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

இத்தனை நாள் அந்த வெளிச்சத்தோடு தன் வெளிச்சமும் சேர்ந்தல்லவா அவளைக் குத்தியிருக்கிறது? ப்ளக்கைப் பிடுங்கினார். மிச்சச் சார்ஜ் வடியும்வரை காத்திருந்தார்.

"நம்ம விளக்கை அணைச்சுட்டேன்மா. இனிமே கண்ணு கூசாது."

மறுபடி ஷட்டரைத் திறந்தார். ஒலி இல்லை. எதுவும் அடிக்கவில்லை. ஒரு நிமிஷம். இரண்டு. மூடினார். படம் கறுப்பாக இருந்தால் போதும், விளக்கை இன்றைக்கே கொடுத்துவிடலாம்.

கறுப்பாக இல்லை.

சுவர்ப் பக்கமிருந்து மட்டும் வெளிச்சம் அடித்திருந்தது. அதில் அவள் முகம் முழுசாகத் தெரிந்தது. கண்கள் அகலத் திறந்திருந்தன. அவளுடைய மணிக்கட்டுகளைப் பின்னாலிருந்து இரண்டு கைகள் விலக்கிப் பிடித்திருந்தன.