காயாத இன்ஜின்

நாள் முழுக்கப் பெரம்பலூர் வெயிலில் தகரத்தின் மேல் கவிழ்த்து வைத்திருந்த இன்ஜின் கேஸ், ஷெட்டுக்குள் தூக்கி வந்து வைத்த கொஞ்ச நேரத்திலேயே மறுபடியும் ஈரமாகியிருந்தது.

தன் கைவியர்வைதான் என்று வேணுகோபால் முதலில் நினைத்தான். பழந்துணியால் துடைத்தான். துணி மாவு கரைத்ததுபோல் வெளுத்தது. முகர்ந்தால் ஆயில் வாடை இல்லை, கழுவிய டீசல் வாடையும் இல்லை. நெடுநாள் தேங்கிய தண்ணீரின் பாசி நாற்றமும் நனைந்த சுண்ணாம்பின் காரமும் சேர்ந்து வந்து தொண்டையில் ஒட்டிக்கொண்டன. நேற்றும் இதே கதைதான், முந்தாநாளும் இதே கதைதான். "சனியன்!" என்று வாய்விட்டே திட்டினான்.

அது ஒரு பழைய எஸ்டி மோட்டார் சைக்கிளின் இன்ஜின். அரியலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட சுண்ணாம்புக்கல் குழி ஒன்று இந்தக் கோடையில் அடிவரை வற்றியபோது, சேற்றிலிருந்து வண்டி வெளிப்பட்டது. பல வருஷத்துக்கு முன் ஓர் ஐப்பசி மழையில் அதில் புறப்பட்டுப் போன அமிர்தலிங்கம் திரும்பவே இல்லை. வண்டி கிடைத்தது, ஆள் கிடைக்கவில்லை. குழி முழுக்கத் தேடியும் ஓர் எலும்புகூட இல்லை. அவர் மனைவி புஷ்பவல்லிதான் வண்டியைக் குட்டியானை வேனில் ஏற்றி வந்து இறக்கினாள்.

"புதுசு மாதிரியெல்லாம் வேணாம்ண்ணே. என்னால முடிஞ்ச செலவுல, ஓடுற மாதிரி பண்ணிக் குடுங்க."

"ஓட்டப்போறது யாரும்மா?"

"நீங்க பண்ணுங்கண்ணே."

அன்றே முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். செத்த வண்டியையும் எழுப்பிவிடுவான் என்று ஊர் சொல்லும் பேச்சில் அவனுக்கு ஒரு மயக்கம். அதுதான் வினை.

இன்ஜினுக்கு வெளிக்கூடான அந்தக் கேஸின் இரண்டு பாதிகளும் சேரும் விளிம்பு அம்மைத் தழும்பு விழுந்த முகம்போல் பொரிந்து கிடந்தது. அந்த இடத்தில் மயிரிழை காற்று கசிந்தாலும் இந்த வகை இன்ஜின் ஓடாது. கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து விளிம்பைத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்க அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிர்ந்தது. குழிகள் மட்டும் ஆழமாகிக்கொண்டே போயின. பேரிங்கை அதன் இடத்தில் வைத்தால் லொடலொடவென்று ஆடியது. போல்டுகளுக்கு மரை பிடிக்கவில்லை. வெல்டிங் வைத்து லேத்தில் கடையலாம்தான். அந்தச் செலவுக்கு வேறு இன்ஜினே வாங்கிவிடலாம். அவளால் இரண்டுமே ஆகாது.

மறுநாள் மதியம் போன் போட்டான். "காயலான் கடைக்குத்தான்மா போகும் இது. என் நேரம்தான் வீணாப் போச்சு."

"நான் நேர்ல வரேன்ண்ணே. அதுக்குள்ள தூக்கிப் போட்டுறாதீங்க."

வருவதற்குள் கடைசியாக ஒன்றைப் பார்த்துவிடலாம் என்று நினைத்தான். பிரேமில் மாட்டும் காதுகளாவது தேறினால், அந்தப் பெண்ணிடம் சொல்ல ஒரு நல்ல வார்த்தை இருக்கும். வெறும் கேஸை மூடிப் பிரேமில் மாட்டினான். உள்ளே பிஸ்டன் இல்லை, கிராங்க் இல்லை, ஒரு பல்சக்கரம்கூட இல்லை. கிக்கர் செருகும் துளை எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்று பார்க்க, கிக்கரை மட்டும் அதன் தண்டோடு செருகினான். அது பிடிப்பில்லாமல் தொங்கியது. ஒரு காது விரிசல் விட்டிருந்தது. எரிச்சலில் ஸ்பேனரை வீசி எறிந்தான்.

சாயங்காலத் தூறல் தொடங்கியிருந்தது. கரண்ட் போனது. ரோட்டில் பஸ் போகும்போதெல்லாம் வெளிச்சம் பாதி இறக்கிய ஷட்டர் வழியாக நுழைந்து, சுவரில் தொங்கிய டயர்களின் நிழலை நீட்டி இழுத்துக்கொண்டு போனது. அந்த இருட்டில் சொட்டுச் சத்தம் கேட்டது. கூரை ஒழுகுகிறது என்று நிமிர்ந்து பார்த்தான். தகரம் காய்ந்திருந்தது.

தண்ணீர் எஸ்டிக்குப் பக்கத்தில் சொட்டிக்கொண்டிருந்தது. வண்டியிலிருந்து அல்ல. கால்மிதிகளுக்குச் சற்று மேலே, ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து. இரண்டு பக்கமும். நனைந்த பேண்ட்டின் ஓரத்திலிருந்து சொட்டுவதைப்போல.

பாசி நாற்றம் ஷெட் முழுக்க ஏறியது.

சீட்டின் துருப்பிடித்த ஸ்பிரிங் கிறீச்சிட்டது. மெதுவாகத் தாழ்ந்தது. தாழ்ந்தபடியே நின்றது.

தொங்கிக்கொண்டிருந்த கிக்கர் நிமிர்ந்தது.

இறங்கியது. மறுபடி நிமிர்ந்தது. இறங்கியது.

வேணுகோபாலின் முதுகு சுவரில் முட்டியது. அதற்குமேல் பின்வாங்க இடமில்லை. ஷட்டர் வண்டிக்கு அந்தப் பக்கம் இருந்தது.

ஷட்டருக்கு வெளியே செருப்புச் சத்தம். புஷ்பவல்லி குனிந்து உள்ளே வந்தாள். தலையில் தூறல் மினுங்கியது. அவனை அவள் பார்க்கவே இல்லை.

"இவ்வளவு நேரமாங்க?" என்றாள். வண்டியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"ஏம்மா... வேணாம்மா... கிட்டப் போவாத..."

அவள் புடவையை ஒதுக்கிப் பின்சீட்டில் ஒருபக்கமாக ஏறி உட்கார்ந்தாள். கையை முன்னால் கொடுத்தாள். காற்றில், ஓர் ஆளின் இடுப்பளவுக்கு, அந்தக் கை வளைந்து நின்றது. கன்னத்தைச் சாய்த்தாள். சாய்ந்த கன்னம் எதன்மேலோ அழுந்தித் தட்டையானது. ஜாக்கெட்டும் முந்தானையும் வெண்சேற்றில் நனைந்து வெளுத்துக்கொண்டே வந்தன.

வெளியே ஒரு பஸ் போனது. அதன் வெளிச்சம் அவள் புறங்கையில் விழுந்தது.

அந்தக் கையின்மேல், ஒன்றன்பின் ஒன்றாக, ஐந்து பள்ளங்கள் அழுந்தி விழுந்தன.