மடியில் விழுந்த நாமம்

டிரிங்... டிரிங்...

மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பார் இல்லை!

சாயங்காலம் நாலு பத்து. பூட்டின வீட்டு வாசலில் நின்றுகொண்டு இன்ஸ்பெக்டர் மூன்றாவது தடவையாக மனைவியின் செல்லுக்கு அடித்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒரு வாய் சாப்பிடவில்லை. சாவி அவளிடம். அவள்...

வியாழக்கிழமை ஆயிற்றே! ஆவி பிடிக்கப் போயிருப்பாள்.

மூன்று மாதமாக வியாழன் தவறாமல் மதியம் கிளம்பிவிடுகிறாள். எங்கே என்று கேட்டால், "ஆவி பிடிக்க" என்பாள். பாவம், சளித் தொல்லை போல என்று மனம் இரங்கி, போன வாரம்தான் ஒரு தைல பாட்டில் வாங்கிக் கொடுத்திருந்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு ஒரு மாதிரியாக முழித்தாள்.

திடீரென்று யாரோ போனை எடுத்தார்கள்.

"ஹலோ! சாவி எங்க வெச்சே?"

"ஐயய்யோ...!"

அலறல்! காது ஜவ்வு கிழிகிற அலறல்! மனைவியின் குரல் இல்லை. வேறொரு பெண்.

"யாரது? என்னாச்சு?"

"குருவம்மா செத்துக் கெடக்கறாங்க! கழுத்தை நெரிச்சு... ஐயோ, மணி அடிக்கறதுக்கு முன்னாடி நான் கண்ணைத் திறந்துட்டேனே!"

விலாசத்தைக் கேட்டுக்கொண்ட இன்ஸ்பெக்டர் பசியை மறந்தார்.

* * *

தையல் கடைக்கு மேலே மாடி. குளுகுளுவென்று ஏ.சி. போட்ட அறை. ஜன்னலெல்லாம் கனத்த திரை. ஸ்பீக்கரில் கடல் அலை சத்தம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

நடுவில் உயரமான நாற்காலி. அதில் குருவம்மா. விழி பிதுங்கி, தலை சரிந்து...

சுவரில் பெரிய எழுத்தில் போர்டு. 'உங்கள் வழிகாட்டி ஆவியின் நாமம் அறிய வேண்டுமா?'

ஏட்டு மூக்கை உறிஞ்சினார். அவருக்கு நாலு நாளாக ஜலதோஷம்.

"சார், ஆவின்னு போட்டிருக்கே... வெந்நீர், போர்வையெல்லாம் உள்ள இருக்குமா? நானும் ஒரு அஞ்சு நிமிஷம்..."

"யோவ்! அது இந்த ஆவி இல்லய்யா!"

சொல்லிக்கொண்டே இன்ஸ்பெக்டர் நாற்காலிப் பக்கம் குனிந்தார்.

குருவம்மாவின் கழுத்தை இறுக்கியிருந்தது ஒரு நீலக் கம்பளிச் சால்வை. ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழுப்புத் தழும்பு. அந்தத் தழும்பைப் போட்டவரே அவர்தான்!

"என்னங்க..."

மூலையில் அழுது வீங்கின முகத்தோடு நின்றுகொண்டிருந்தாள் அவர் மனைவி.

"நீ... ஆவி பிடிக்கப் போறேன்னு..."

"பொய்யா சொன்னேன்? இதைத்தானே பிடிக்க வந்தேன்?"

இன்ஸ்பெக்டர் சால்வையையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார்.

கமிஷனரிடமிருந்து உடனே போன் வந்துவிட்டது. நல்ல சேதியை விட இந்த மாதிரி சேதிக்குக் கால் அதிகம்.

"என்னய்யா, சால்வை உன் சம்சாரத்தோடதாமே? ஆறு மணிக்கு வேற ஆபீசரை அனுப்பறேன். அதுக்குள்ள ஆளைப் பிடிச்சா உன் பொண்டாட்டி வீட்டுக்கு. இல்லேன்னா அவர் வந்து முதல்ல கைது பண்றது அவங்களைத்தான். புரியுதா?"

"புரியுது சார்."

மணி நாலு ஐம்பது!

* * *

கண்ணைத் திறந்து அலறின பியூட்டி பார்லர்காரி, கன்னம் வீங்கின ரிட்டயர்டு தலைமையாசிரியர், பேனாவைக்கூடச் சட்டைப் பையில் அளவெடுத்துக் குத்தியிருந்த பல் டாக்டர், அப்புறம் நம் இன்ஸ்பெக்டரின் தர்மபத்தினி. அறைக்குள் இருந்தது இந்த நாலு பேர்தான். கதவு உள்பக்கம் தாழ். ஆக, நாலில் ஒன்று!

"யாராவது எதையாவது பார்த்தீங்களா?"

"எப்படிப் பார்க்கறது?" தலைமையாசிரியர் வீங்கின கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "மூணு மணிக்குக் கண்ணை மூடணும். குருவம்மா மணி அடிச்சாத்தான் திறக்கணும். நடுவுல திறந்தா வழிகாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிடுவார்."

"மணி எப்ப அடிப்பாங்க?"

"மூணு இருபதுக்கு."

"இன்னிக்கு அடிக்கலையே!"

"அடிக்கலைதான். அதனால திறக்கலை."

"ஒரு மணி நேரத்துக்கு மேல... பொணத்தைச் சுத்தி உட்கார்ந்து... கண்ணை மூடிக்கிட்டு..."

"இன்னிக்கு ரொம்ப ஆழமாப் போறோம்னு நெனச்சோம் சார்" என்றாள் பார்லர்காரி கூச்சமாக.

இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"சரி, இந்த நாமம் எப்படித் தெரியும்?"

"ஏழாவது வாரம் மடியில ஒரு சீட்டு இறங்கும். அதுல நம்ம வழிகாட்டி பேரு இருக்கும். உலகத்துல நமக்குன்னு ஒரே ஒருத்தர்! பேரை யார்கிட்டயும் சொல்லக்கூடாது. கட்டினவங்ககிட்ட கூட" என்றார் தலைமையாசிரியர்.

"என்கிட்ட சொல்லலாம். நான் போலீஸ்."

ஒவ்வொருவரையும் தனித்தனியாக ஸ்டோர் ரூமுக்குக் கூப்பிட்டார். தலைமையாசிரியர் கண் கலங்கி, காகிதத்தில் எழுதி, அதையும் கையால் மறைத்துக்கொண்டு நீட்டினார்.

வெண்முகிலன்.

பார்லர்காரி காதோடு கிசுகிசுத்தாள். "வெண்முகிலன் சார். இன்னிக்குத்தான் மடியில இறங்கினார், அதுக்குள்ள என் மேல உசிரையே வெச்சிருக்கார்."

பல் டாக்டர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "வெண்முகிலன்."

இன்ஸ்பெக்டருக்குக் கோபம் விறுவிறுவென்று ஏறியது. கடைசியாக மனைவி.

"உன் ஆவி பேரு?"

அவள் தரையைப் பார்த்தாள். புடவைத் தலைப்பைத் திருகினாள்.

"ம்... மரகதம்."

"மரகதமா? ஆவிக்கா?"

"ஏன், ஆவின்னா மரகதம்னு பேரு இருக்கக்கூடாதா?"

அந்த நேரம் பார்த்து ஏட்டு குருவம்மாவின் மேஜை டிராயரிலிருந்து ஒரு கட்டுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்.

"சார்! அச்சடிச்ச சீட்டு! இருநூறுக்குக் குறையாது. எல்லாத்துலயும் ஒரே பேரு. வெண்முகிலன், வெண்முகிலன், வெண்முகிலன்... நாமம் தெரிஞ்சுக்க வந்தவங்களுக்கு அந்தம்மா பட்டை நாமமா போட்டிருக்கு சார்!"

"யாரும் வெளியில சொல்லக்கூடாதுன்னு சட்டம் போட்டுட்டா, ஒரே பேரை ஊருக்கே விக்கலாம். பலே!"

"அப்ப இப்படி சார்..." ஏட்டுவின் மூளை ஜலதோஷத்தையும் மீறி வேலை செய்தது. "எல்லாருக்கும் ஒரே பேருங்கற விஷயம் யாரோ ஒருத்தருக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆத்திரத்துல நெரிச்சாச்சு. நாம பேரைக் கேட்டதும், 'எனக்கு வேற பேரு, எனக்கென்ன கோபம்?'னு காட்டிக்க, வேற ஏதோ ஒரு பேரைச் சொல்லித் தப்பிக்கப் பார்ப்பாங்க. அதனால பேரை மாத்திச் சொன்னவங்கதான் சார் கொலை... கொலை..."

ஏட்டு, சொன்னது யாரைப் பற்றி என்று அப்போதுதான் உறைத்து, இருமுவது போல வாயைப் பொத்திக்கொண்டார்.

ஐந்து இருபது!

* * *

"உள்ளதைச் சொல்லு." இன்ஸ்பெக்டர் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினார். "உன் மடியில விழுந்த சீட்டுல மரகதம்னா இருந்துச்சு?"

"இல்ல."

"வெண்முகிலன்?"

"...ம்."

"அப்ப ஏன் பொய் சொன்னே? நீதான் அந்தம்மாவை..."

"சீ! என்ன பேசறீங்க?" அவள் வெடித்தாள். "பக்கத்து வீட்டு மனுஷன்கிட்ட மணி என்னன்னு கேட்டதுக்கே மூணு நாள் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருந்தீங்க! வெண்முகிலன்னு ஒருத்தனோட தெனம் காலையில அரை மணி நேரம் மனசு விட்டுப் பேசறேன்னு சொன்னா, சும்மா இருப்பீங்களா? அதான் வாயில வந்த பொம்பளை பேரைச் சொன்னேன்!"

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பதா, அழுவதா, வெண்முகிலன் மேல் எஃப்.ஐ.ஆர். போடுவதா என்று புரியவில்லை. கொஞ்சம் போட வேண்டும் போலத்தான் இருந்தது.

ஆனால் இந்தக் கதையைச் சொன்னால் கமிஷனர் நம்புவாரா? அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லையே!

இன்ஸ்பெக்டர் கூடத்துக்கு ஓடினார்.

"கண்ணை மூடியிருந்தீங்க. காது? காதையுமா மூடியிருந்தீங்க? என்ன கேட்டுச்சு?"

"அலை சத்தம்" என்றார் தலைமையாசிரியர். "நடுவுல குருவம்மா திணறற மாதிரி ஒரு சத்தம். அருள் இறங்குதுன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். அப்புறம்... சொல்லலாமா தெரியலை. என் வழிகாட்டியோட மூச்சு."

"மூச்சா?"

"பக்கத்துல வந்து நின்னு விட்டார் சார். முதல்ல 'கொர்ர்ர்'னு ஒரு இழுப்பு. அப்புறம் விசில் மாதிரி ஒண்ணு. அப்புறம் நாலு எண்ணற வரைக்கும் நிசப்தம். திரும்ப 'கொர்ர்ர்'..."

"அது என் வழிகாட்டி!" என்று பார்லர்காரி சீறினாள். "எனக்குத்தான் மூச்சு விட்டார்!"

இன்ஸ்பெக்டரின் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஆயிற்று. கொர்ர்ர்... விசில்... நாலு எண்ணும் வரை நிசப்தம். இருபத்தாறு வருஷமாக அவரைத் தூங்கவிடாமல் அடித்த அதே மெட்டு!

"குருவம்மா திணறினப்போ அந்த மூச்சு நின்னுச்சா?"

"எங்க நின்னுது? ரெண்டும் சேர்ந்துதான் கேட்டுச்சு."

இன்ஸ்பெக்டர் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பிச்சே! கொலை நடக்கறப்போ நீ தூங்கிட்டிருந்திருக்கே! குறட்டை விட்டேன்னு மட்டும் ஒத்துக்க, போதும்!"

"நான் குறட்டையே விடறதில்ல."

"அடியே, தூக்குக் கயிறு!"

"தொங்கறேன். ஆனா நாலு பேர் முன்னாடி குறட்டை விட்டேன்னு ஒத்துக்க மாட்டேன். நான் தியானத்துல இருந்தேன்."

"டாக்டர்! நீங்களாவது சொல்லுங்க. நீங்களும் கேட்டீங்களா? அது ஆவி மூச்சா?"

பல் டாக்டர் உதட்டைச் சுழித்தார்.

"ஆவியாவது மண்ணாவது! குறட்டைதான். இவங்க தலை ஒரு பக்கம், சால்வை ஒரு பக்கம்னு சரிஞ்சு..."

சட்டென்று நிறுத்தினார்.

ஏட்டு போய் ஸ்பீக்கரை அணைத்தார்.

இன்ஸ்பெக்டர் பார்லர்காரி பக்கம் மெல்லத் திரும்பினார்.

"அம்மா, கண்ணை மூடறதுக்கு முன்னாடி சால்வை எப்படி இருந்துச்சு?"

"குளிருதுன்னு கழுத்து வரைக்கும் இறுக்கிப் போர்த்தியிருந்தாங்க சார்" என்றாள் பார்லர்காரி. "நான்தான் இழுத்துச் செருகி விட்டேன்."

"கேட்டீங்களா டாக்டர்? சால்வை சரிஞ்சது எல்லாரும் கண்ணை மூடினதுக்கு அப்புறம். அது சரிஞ்சதை இமைக்குள்ள இருந்து எப்படிப் பார்த்தீங்க?"

பல் டாக்டரின் முகம் வெளுத்தது. ஓடவில்லை. நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார்.

"போன வாரம் இவருக்குக் கடவாய்ப் பல் பிடுங்கினேன்" என்று தலைமையாசிரியரைக் காட்டினார். "மயக்கத்துல பினாத்தினார். 'வெண்முகிலா, வலிக்குதுடா, கையைப் பிடிச்சுக்கடா'ன்னு. என் கையில இருந்த குறடு கீழ விழுந்துடுச்சு சார்!"

"அதுக்காகக் கொலையா?"

"உங்களுக்குப் புரியாது. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எல்லாரும் என் முன்னாடிதான் வாயைத் திறக்கறாங்க. ஒருத்தராவது பேசறாங்களா? வீட்டுக்குப் போனா நாலு சுவர். சாப்பாட்டு மேஜையில எதிர்ல ஒரு நாற்காலி போட்டு, வெண்முகிலனை உட்கார வெச்சு அன்னன்னிக்கு நடந்ததைச் சொல்லுவேன். எனக்கே எனக்குன்னு ஒருத்தன் இருக்கான்னு நம்பினேன். இன்னிக்குக் கண்ணைத் திறந்து பார்த்தா, அந்தம்மா சாக்லேட் தின்னுக்கிட்டே பார்லரம்மா மடியில சீட்டைப் போடறா! இந்தம்மா சால்வை என் கால்கிட்ட கெடந்துச்சு. எடுத்தேன்... அவ்வளவுதான்."

தலைமையாசிரியர் மெதுவாகத் தன் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்துப் பார்த்தார். பார்லர்காரி அவரை முறைத்தாள். இரண்டு பேரும் தங்கள் கல்யாணப் பத்திரிகைகளில் ஒரே மாப்பிள்ளையின் பெயரைப் பார்த்தவர்கள் மாதிரி நின்றார்கள்.

ஐந்து ஐம்பத்தைந்து. ஏட்டு விலங்கை மாட்டினார்.

இன்ஸ்பெக்டர் மனைவியின் பக்கம் குனிந்தார். "சாவியைக் குடு. பசி உயிர் போகுது. அப்புறம்... இனிமே காலையில அரை மணி நேரம் என்கிட்ட பேசு. நான் பதிலும் சொல்லுவேன்."

"வெண்முகிலன் குறுக்க பேச மாட்டாரு" என்றாள் அவள். ஆனாலும் சாவியோடு சேர்த்து அவர் கையையும் பிடித்துக்கொண்டாள்.

வாசல் வரை போன பல் டாக்டர் திரும்பினார். கண்ணில் நீர்.

"சார்... உண்மையைச் சொல்லுங்க. எனக்கே எனக்குன்னு, வேற யாருக்கும் இல்லாதது, இந்த உலகத்துல ஒண்ணாவது கெடைக்குமா?"

இன்ஸ்பெக்டர் அவர் தோளைத் தட்டினார்.

"கவலைப்படாதீங்க டாக்டர்! உள்ள போனதும் சட்டையில ஒரு நம்பர் தைச்சுக் குடுப்பாங்க. அது சத்தியமா உங்களுக்கு மட்டும்தான்!"