தொப்பிக்குள் ஒரு வானம்

"டப்!"

ஈஸ்டன் உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டான். சுவரில் மின்னிக்கொண்டிருந்த நட்சத்திரங்கள் மொத்தமாகக் காணாமல் போயின.

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?" பெல்டோ சார் விளக்கைப் போட்டார்.

பழைய படம் காட்டும் பெட்டிக்குள் பல்பு வெடித்திருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் கறுப்பு அட்டையில் ஊசித் துளைகள் போட்டு, அதை அந்தப் பெட்டியின் மேல் வைத்து, ஐந்தாம் வகுப்புக்கு அவர் வானம் காட்டுவார். பிள்ளைகள் குளிர்கோட்டுகளை விரித்துத் தரையில் படுத்துக்கொண்டு பார்ப்பார்கள். இந்த வருட வானம் ஆரம்பித்த உடனே அணைந்துவிட்டது.

"இந்த பல்பெல்லாம் இப்ப யாரும் செய்யறதில்ல," என்றார் சார். "அவ்வளவுதான் பிள்ளைங்களா. இனிமே வானம் கிடையாது."

"புதுப் பெட்டியில போடுங்க சார்!" ஈஸ்டன் மேசைக்கு அடியிலிருந்தே கத்தினான். "பூனை வந்தாலும் வரட்டும்!"

வகுப்பே சிரித்தது. சாரின் காது சிவந்தது.

புதுப் பெட்டி கூரையிலிருந்து தொங்கியது. கணினியில் இருப்பதை அப்படியே சுவரில் பெரிதாகக் காட்டும். போன மாதம் சார் எதையோ அழுத்தப்போய், அவர் வீட்டில் தேடிப் பார்த்த கேள்வி சுவர் முழுக்க வந்துவிட்டது: 'என் பூனைக்கு என்னை ஏன் பிடிக்கவில்லை?' மறுநாள் சார் ஒரு நீலக் கம்பளித் தொப்பியைக் கொண்டுவந்து அந்தப் பெட்டியின் கண்ணில் மாட்டினார். தொப்பி இன்னும் அங்கேதான் இருந்தது.

ஐலி மட்டும் சிரிக்கவில்லை.

ஐலியின் அம்மா ஊரை ஒட்டிக் கடல்போல விரிந்த ஏரியில் இரும்புத் தாது ஏற்றிப்போகும் கப்பலில் சுக்கான் பிடிக்கிறார். ஏரி உறைந்து கப்பல்கள் நின்ற பிறகுதான் வீட்டுக்கு வருவார். "ராத்திரி நீயும் துருவ நட்சத்திரத்தைப் பாரு, நானும் பார்க்கிறேன். ரெண்டு பேரும் ஒரே இடத்துல சந்திச்ச மாதிரி," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஆனால் பனி தொடங்கியதிலிருந்து ஊரின் மேல் ஒரே மேகம். ஏரி மூச்சு விட்டு விட்டு வானத்தையே மூடிவிட்டதுபோல இருந்தது. சாரின் சுவரில்தான் அந்த நட்சத்திரத்தைப் பார்க்கலாம் என்று ஐலி காத்திருந்தாள்.

மதியம் குளிர் கடுமையாக இருந்ததால் யாரையும் வெளியே விளையாட விடவில்லை. மற்றவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஓடினார்கள். சார் தனியாக உட்கார்ந்து இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த பேஸ்டியைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"சார், இணையத்துல வானம் இருக்கு," என்றாள் ஐலி.

"இருக்கும். அதுக்கு நிறைய காசு கேப்பாங்க."

"இலவசம் சார். வானத்து மேல ஆசை வச்சவங்க எல்லாருக்குமா சேர்த்துச் செஞ்சு வச்சிருக்காங்க."

சார் தொப்பியை அண்ணாந்து பார்த்தார். "வேண்டாம்மா. எனக்கும் அதுக்கும் ஆகாது."

"தொப்பி அப்படியே இருக்கட்டும். சுவர்ல ஒண்ணும் தெரியாது. நாம சும்மா பழகிப் பார்க்கலாம்."

சார் கொஞ்சம் யோசித்தார். நாற்காலியைத் தள்ளிப் போட்டார். ஐலி பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

"என்னம்மா, கை குளிருதா?"

"இல்ல சார். எங்கம்மா எனக்குப் படகு ஓட்டக் கத்துக் கொடுத்தப்ப இப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க. இல்லன்னா கை தானாப் போய்ச் சுக்கானைப் பிடிச்சிருமாம்."

சார் சிரித்துவிட்டார்.

"முதல்ல திறந்திருக்கிற மத்த பக்கத்தை எல்லாம் மூடிடுங்க. பூனையையும் சேர்த்து."

"மூடியாச்சு."

"இப்ப நம்ம ஊர் பேரை அந்தக் கட்டத்துல போடுங்க."

சார் ஒரே விரலால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினார். ஐலியின் கைகள் துடித்தன. இன்னும் அழுத்தி உட்கார்ந்தாள்.

திரை கருத்தது. பிறகு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக, யாரோ தூக்கத்திலிருந்து எழுப்பிவிட்டதுபோலக் கண் திறந்தன. சார் பேஸ்டியை மறந்துவிட்டார்.

"வேற ஊர் போட்டா?"

"அந்த ஊர் வானம் வரும். வடக்கே போனா துருவ நட்சத்திரம் மேல ஏறும், தெற்கே போனா கீழ இறங்கும். எங்கம்மா கப்பல் எங்க போகுதுன்னு காட்டுற இணையப் பக்கம் இருக்குல்ல, அதைப் பார்த்துட்டு நான் வீட்டுல இதைத்தான் போட்டுப் பார்ப்பேன். ஆனா எங்க போன்ல வானம் ரொம்பச் சின்னது."

சார் எழுந்து, எட்டித் தொப்பியைக் கழற்றினார். சுவர் முழுக்க வானம். துருவ நட்சத்திரம் சுவர்க் கடிகாரத்தின் உச்சியில் சரியாக உட்கார்ந்திருந்தது. இருவரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மணி அடித்ததும் சார் அவசரமாகத் தொப்பியை மறுபடி மாட்டினார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத."

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் கோட்டுகளை விரித்துப் படுத்தார்கள். "பூனை வருது, பூனை வருது," என்று கிசுகிசுத்தான் ஈஸ்டன். சார் விளக்கை அணைத்தார். தொப்பியை எடுத்துத் தன் தலையிலேயே போட்டுக்கொண்டார்.

வானம் வந்தது. ஈஸ்டன் வாயை மூட மறந்துபோனான். சுவரும் தரையும் கரைந்து, வகுப்பே மெல்ல மிதப்பதுபோல இருந்தது.

ஐலி துருவ நட்சத்திரத்தைத் தேடினாள். கடிகாரத்தின் உச்சியில் இல்லை. கீழே, முள்ளுக்குப் பக்கத்தில் இருந்தது. சார் எதையோ மாற்றி அழுத்திவிட்டார். யாராவது கண்டுபிடித்தால் மறுபடியும் சிரிப்பார்கள். தொப்பி மறுபடியும் மேலே போய்விடும்.

அவள் இருட்டில் தவழ்ந்து போய் சாரின் கால்சட்டையை இழுத்தாள்.

"சார், நட்சத்திரம் கீழ இறங்கிடுச்சு," என்றாள் மெதுவாக. "ஊர் பேர் தப்பா விழுந்திருக்கு."

சார் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"தப்பு இல்லம்மா. கப்பல் பக்கத்தைப் பார்த்துட்டுத்தான் போட்டேன். தெற்கே இருக்கிற டொலிடோ துறைமுகம். நேத்து ராத்திரி உங்கம்மா தலைக்கு மேல இருந்த வானம் இது."