பன்னிரண்டாவது நாற்காலியின் எடை

அலுவலகத்தின் கம்ப்யூட்டர் சர்வர் பெட்டியின் மேல் எப்போதும் இருக்கும் பச்சைத் தின்பண்டப் பொட்டலம் பிரிந்து கிடந்தது. மெஷின் சொன்னபடி கேட்கட்டும் என்ற நம்பிக்கையில் வைத்தது. அதை யாரும் தொடமாட்டார்கள்.

"நீதானே தின்னே?" என்றாள் ரூ-யின்.

"பசிச்சுது, தின்னேன். சர்வர் எங்கிட்ட கோச்சுக்குமாக்கும்!" அக்கா ரூ-பிங் பக்கத்து மேசையில் தலையணையைப் போட்டு முகம் புதைத்தாள். "ஒண்ணரைக்கு எழுப்புடி. மறந்துடாதே."

மதியம் பன்னிரண்டரைக்கு, சாப்பிட்ட பின் போடும் குட்டித் தூக்கத்துக்காக வழக்கம்போல் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு விளக்கை அணைத்தார்கள். தைவானின் சின்சூ நகரத்துக் காற்று கண்ணாடியை உரசிக்கொண்டிருக்க, பொரித்த பன்றிக்கறி வாசனை இன்னும் அடங்காத அந்த இருட்டில் மற்றப் பத்துப் பேரும் மேசைமேல் கவிழ்ந்து தூங்க, ரூ-யின் மட்டும் தன் புரோகிராமைச் சோதித்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு நாற்காலிகள், ஒவ்வொன்றின் அடியிலும் எடை பார்க்கும் தகடு. எண், ஆள் பெயர், கிலோ என்று பட்டியல் வரும். பன்னிரண்டாவதற்கு ஆள் இன்னும் வேலைக்குச் சேரவில்லை. மொத்தம் 680. காலையிலும் அதேதான்.

பெயர் உள்ளவற்றை மட்டும் வடிகட்டிக் கூட்டினாள். 622.

மேசையில் சாய்ந்தால் எடை கொஞ்சம் குறையும், சரி. அப்படியானால் மொத்தம் ஏன் குறையவில்லை? வடிகட்டியைத் திருப்பிப் போட்டாள். பெயரில்லாத நாற்காலி எது? ஒரே வரி வந்தது. பன்னிரண்டாவது, 58.

எட்டிப் பார்த்தாள். காலி. பஞ்சு மட்டும் அமுங்கியிருந்தது.

பெயர் உள்ளவற்றை மறுபடி கூட்டினாள். 540. மறுபடி. 391. தூங்குகிறவர்களின் எடை மட்டும் இறங்கியது. மூச்சுச் சத்தமும் மெலிந்தது. அக்காவின் வரியில் 19.

"அக்கா! ஐயோ, எழுந்திரு அக்கா!"

துள்ளி எழுந்து தோளைப் பிடித்து உலுக்கினாள். காயப்போட்ட சட்டையை உருவியதுபோல் உடம்பு கையோடு வந்தது. சூடு இருந்தது. கனம் இல்லை.

"ஒண்ணரை ஆயிடுச்சாடி?"

அக்காவின் குரல்தான். அக்காவின் உதடு அசையவில்லை.

விளக்குகள் தாமாக எரிந்தன. ஒருவரும் எழவில்லை. நின்றபடியே புரோகிராமை ஓட்டினாள். பெயர் உள்ளவை: 0. பன்னிரண்டாவது: 629.

மொத்தத்தில் ஐம்பத்தொன்று குறைந்தது. அது எழுந்து நிற்கும் அவளுடைய எடை.

கடைசி வரிசையில் சக்கரம் கிறீச்சிட்டது. காலி நாற்காலி மெல்ல அவள் பக்கம் திரும்பியது. பஞ்சு தகடுவரை அமுங்கியிருந்தது.

"பசிக்குதுடி" என்றது அக்காவின் குரல்.