வில்லங்கம் இல்லாத விமானம்

காலை 10.40 மணிக்கு, விற்பனைப் பணத்தை இடையில் வைத்திருந்து கைமாற்றும் எஸ்க்ரோ அலுவலகத்தின் நீள்மேசையைச் சுற்றி இருந்தவர்கள்:

பைலட். விமானத்தை வாங்கியவள். குடியிருந்த வீட்டை விற்று வாங்கினாள். நாளைக் காலை ஆறு மணிக்கு முதல் சரக்கோடு கிளம்பாவிட்டால் ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

பல் டாக்டர். விற்றவர். ஓய்வு பெற்றபின் பறக்கக் கற்று, இரண்டே வருடத்தில் அலுத்துப்போனவர்.

அவருடைய மாப்பிள்ளை. விற்பனைக்காக ஓடியாடியவர்.

எஸ்க்ரோ அதிகாரி. பதினெட்டு வருடத்தில் ஒரு பிழைகூடச் செய்யாதவர். இன்று காலைவரை.

பட்டறைக்காரர். விமானத்தைப் பழுது பார்த்தவர். இவரை யாரும் அழைக்கவில்லை. கையில் ஒரு சாவியோடு அவராகவே வந்தார்.

"விமானத்தைப் பூட்டிட்டேன்" என்றார். "என் பாக்கி வராம அது தரையை விட்டுக் கிளம்பாது."

"உங்க பாக்கியெல்லாம் தீர்ந்துடுச்சே. நீங்க கொடுத்த விடுவிப்புக் கடிதம் இதோ" என்றார் அதிகாரி.

பட்டறைக்காரர் கடிதத்தை வாங்கிப் பார்த்தார். "நான் கொடுக்கல. இது என் கையெழுத்து இல்ல."

11.25. இன்ஸ்பெக்டர் வந்தார். இடது கன்னம் வீங்கியிருந்தது. பேசினால் பல் வலித்தது. அதனால் குறைவாகப் பேசினார்.

"இங்க என்ன வேலை நடக்குது?"

"ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் நம்பாததாலதான் எங்க பிழைப்பு ஓடுது சார்" என்றார் அதிகாரி. "வாங்கறவங்க பணத்தை எங்ககிட்ட போடுவாங்க. விற்கிறவர் விற்பனைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டு, தேதி போடாம எங்ககிட்ட கொடுத்து வைப்பார். விமானத்து மேல வில்லங்கம் இருக்கான்னு பதிவேட்டுல தேடுவோம். சுத்தம்னு தெரிஞ்சதும் பத்திரத்துல தேதி போட்டு, பணத்தை அந்தப் பக்கமும் பத்திரத்தை இந்தப் பக்கமும் விடுவோம். இன்னைக்கு 10.05க்கு விட்டோம்."

"தேடினப்ப வில்லங்கம்?"

"ஒண்ணே ஒண்ணு. பட்டறை பாக்கி." அறிக்கையை நகர்த்தினார். பதிவேட்டின்படி இடது எஞ்சின் எண் 417-இல் முடிந்தது, வலது 418-இல். "இருபத்தோராம் தேதி மாப்பிள்ளை இந்தக் கடிதத்தைக் கொண்டுவந்தார். வில்லங்கம் நீங்கிடுச்சு."

எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். மாமனார்தான் முதலில் பார்த்தார்.

"ரொக்கமா கொடுத்தேன் சார்" என்றார் மாப்பிள்ளை. "ரொக்கம்னா பத்து சதவீதம் குறைச்சுக்கறேன்னார். வாங்கிட்டு ஒட்டின கவரைக் கொடுத்தார்."

"ரசீது?"

"கேட்டேன். கடிதமே ரசீதுதானேன்னார்."

பட்டறைக்காரர் சிரித்தார். "நல்லா ஜோடிக்கிறார்."

"மாப்பிள்ள, பணத்தை வேற எங்கயாவது போட்டிருந்தா இப்பவே சொல்லிடுங்க" என்றார் பல் டாக்டர் தணிந்த குரலில். "வீட்டுல பேசித் தீர்த்துக்கலாம்."

"மாமா, பொண்ணைக் கொடுத்த இடத்துல இப்படியா சந்தேகப்படுவீங்க?"

"பொண்ணைக் கொடுத்ததாலதான்."

"என்கிட்ட விட்டிருந்தா விலையில கழிச்சு நேரா பட்டறைக்கே அனுப்பியிருப்பேன்" என்றார் அதிகாரி. "அதுக்குத்தானே நாங்க இருக்கோம்?"

இன்ஸ்பெக்டர் கடிதத்தைப் படித்தார். நான்காம் தேதி போட்டிருந்தது. முத்திரை சரி. விமானத்தின் எண் சரி. அதன் கீழே இரண்டு எஞ்சின்களின் எண்களும், அவற்றின் மேல் இனி உரிமை கோரமாட்டேன் என்ற உறுதியும். 417. 902. கையெழுத்து கோணலாகப் படுத்துக் கிடந்தது.

"நாலாம் தேதி எங்க இருந்தீங்க?"

"ஆஸ்பத்திரியில. குடலிறக்க ஆபரேஷன். ரெண்டுல இருந்து ஆறு வரைக்கும்." பட்டறைக்காரர் சட்டைப் பையிலிருந்து டிஸ்சார்ஜ் சீட்டை எடுத்தார். கேட்பதற்கு முன்பே எடுத்தார்.

"விமானத்துல கடைசியா என்ன வேலை?"

"வலது எஞ்சினை மாத்தினேன். பழையதுல எண்ணெய்ல இரும்புத் தூள் வந்தது. பத்தொன்பதாம் தேதி வேற எஞ்சின் பெட்டியில வந்து இறங்குச்சு. நானே பிரிச்சேன், நானே மாட்டினேன், நானே மூடினேன். வேற எவன் கையும் படல. அந்த உழைப்புக்குத்தான் சார் காசு கேக்கறேன்."

"அதோட காகிதங்க?"

"ரசீது, செஞ்ச வேலையை எழுதற லாக் புத்தகம் எல்லாம் என் அலமாரியில. சாவி என் இடுப்புல."

"புது எஞ்சின் எண்ணையாவது சொல்லுங்கன்னு இருபதாம் தேதி கேட்டேன்" என்றாள் பைலட். அவள் பேசியது அதுதான் முதல் தடவை. "பாக்கி வந்தாதான் எண் வெளிய வரும்னுட்டார்."

"ஆமா, சொன்னேன். யார்கிட்டயும் கொடுக்கல" என்றார் பட்டறைக்காரர்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். "விமானத்தைப் பார்க்கணும்."

2.10. விமானக் கொட்டகை. எல்லோரும் வந்திருந்தார்கள். வெயிலில் தகரக்கூரை முறுகிக்கொண்டிருந்தது. விமானத்தின் கதவில் கனமான பூட்டு. இன்ஸ்பெக்டர் அதைச் சட்டை செய்யாமல் வலது இறக்கைக்குப் போனார்.

"இந்த மூடியைத் திறங்க."

மூடியில் எட்டுத் திருகுகள். பட்டறைக்காரர் கழற்றத் தொடங்கினார். கை வேகமாகத்தான் ஆரம்பித்தது. ஆறாவது திருகில் நின்றது.

"ஏன், இறுகிடுச்சா?"

பட்டறைக்காரர் திருப்புளியைக் கீழே வைத்தார். மீதியை பைலட் கழற்றினாள். எஞ்சினின் பக்கவாட்டில் சிறிய தகடு. துணியால் துடைத்துப் படித்தாள்.

"902."

இன்ஸ்பெக்டர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். நீளமாகப் பேச வேண்டியிருந்தது.

"கடிதத்துல தேதி நாலு. அதுல இருக்கிற எஞ்சின் வந்ததோ பத்தொன்பது. அப்ப கடிதம் அதுக்கப்புறம் அடிச்சது. மாப்பிள்ளை போலியா அடிச்சிருந்தா பதிவேட்டைப் பார்த்து 418ன்னு போட்டிருப்பார். அவருக்குத் தெரிஞ்சது அதுதான். 902 தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான். அதை நீங்களே ரெண்டு தடவை சொன்னீங்க."

பட்டறைக்காரர் தகட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆஸ்பத்திரியில இருந்த நாளா பார்த்து, தேதியை யோசிச்சுப் போட்டீங்க. கையெழுத்தைக் கோணலாக்கினீங்க. எண்ணுக்கு மட்டும் யோசிக்கல. மெக்கானிக் கை, இறக்கையில இருக்கிறதைத்தான் எழுதும். ரொக்கத்தையும் வாங்கிட்டு, பூட்டைப் போட்டு இவங்ககிட்ட இன்னொரு தடவை வாங்கலாம்னு கணக்கு."

"நான் விமானத்தோட எண்ணையும் முத்திரையையும்தான் ஒப்பிட்டேன்" என்றார் அதிகாரி. "எஞ்சின் எண்ணை லாக் புத்தகம் வந்ததும் பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்." யாரும் அவருக்கு ஆறுதல் சொல்லவில்லை.

"அப்ப என் விமானம்?" என்றாள் பைலட்.

"கடிதம் போலி இல்லம்மா. கோணலா போட்டாலும் அவர் கையெழுத்து அவர் கையெழுத்துதான். வில்லங்கம் நீங்கினது நீங்கினதுதான். பூட்டுச் சாவியைக் கொடுங்க."

பட்டறைக்காரர் கொடுத்தார். இடுப்பிலிருந்த அலமாரிச் சாவியையும் இன்ஸ்பெக்டர் கேட்டு வாங்கினார். 3.30க்குப் பக்கத்துப் பட்டறையில் அலமாரியைத் திறந்தபோது லாக் புத்தகத்தின் அடியில் ரொக்கம் இருந்தது. மாப்பிள்ளையின் வங்கி கட்டுகளில் சுற்றிய காகிதப் பட்டைகளைக்கூடப் பிரிக்கவில்லை.

பல் டாக்டர் தொண்டையைச் செருமினார். "ரசீதை எழுதியே வாங்கியிருக்கலாம் மாப்பிள்ள."

அவ்வளவுதான் அவர் கேட்ட மன்னிப்பு. மாப்பிள்ளை வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். டாக்டர் இன்ஸ்பெக்டரிடம் நகர்ந்தார். "அந்தக் கடைவாய்ப் பல்லை எடுத்துடுங்க. நாளைக்கு வாங்க, காசு வேண்டாம்."

"ரசீது கொடுப்பீங்களா?"

பைலட் இதற்குச் சிரிக்கவில்லை. எட்டுத் திருகுகளையும் திரும்ப மாட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தாள். பிறகு லாக் புத்தகத்தைப் பட்டறைக்காரர் முன் நீட்டினாள்.

"எஞ்சின் மாத்தினதை எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க. நேரா போடுங்க. காலையில ஆறு மணிக்கு நான் மேல இருக்கணும்."

அவர் எழுதினார். இந்த முறை கையெழுத்து கோணவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டு போலீஸ் வண்டியின் பின்பக்கம் ஏறிக் குனிந்து உட்கார்ந்தார். காவலர் கதவைச் சாத்தி, வெளியே இருந்து பூட்டினார்.