நாற்பத்தொன்றாம் ஆணி

எழுபது வருடமாக ஆணியில் தொங்கிய பித்தளை வில்லை சூடாக இருந்தது, யாரோ அப்போதுதான் சட்டைப்பையிலிருந்து எடுத்து மாட்டிய மாதிரி.

ரிட்டையரான கண்டக்டர் அதை இன்னொரு முறை தடவிப் பார்த்தார். சுரங்க அருங்காட்சியகத்தின் பழைய பலகையில் இருநூறு ஆணிகள். வில்லை தொங்கியது இந்த ஒன்றில்தான். எண் நாற்பத்தொன்று. கீழே இறங்குகிறவன் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போவான், ஏறி வந்ததும் எடுத்துக்கொள்வான் என்று வழிகாட்டி சொல்லியிருந்தான். எடுக்காத வில்லை என்றால் ஆள் இன்னும் கீழே.

"எழுபது வருஷமா ஷிப்டு முடியலையா இவனுக்கு? எங்க டிப்போவே தேவலாம் போல."

"அதத் தொடாதீங்க," என்றாள் மனைவி.

ஓடுகிற பஸ்ஸில் நூற்றைம்பது பேருக்கு நடுவே முப்பத்திரண்டு வருடம் நீந்தியவர் சொன்ன பேச்சைக் கேட்பாரா? வழிகாட்டி திரும்பிய நேரத்தில் நாற்பத்தொன்றைக் கழற்றிப் பையில் போட்டார். அந்த ஆணியில், பார்வையாளருக்கென்று தனக்குக் கொடுத்திருந்த வில்லையை மாட்டினார்.

"டூட்டி மாத்தி விட்டுட்டேன். பாவம், வீட்டுக்குப் போகட்டும்."

அவள் அந்த ஆணியைத் திரும்பிப் பார்த்தபடியே லிப்டுக்கு நடந்தாள்.

இரும்புக் கூண்டு லிப்ட், பூமியைத் துளைத்து மறுபக்கம் வந்துவிடும் போல இறங்கிக்கொண்டே இருந்தது. ஈரக்கல்லின் வாடையும் துருவின் வாடையும் அவர் தொண்டைக்குள் இறங்கின. பழக்க தோஷத்தில் தலைகளை எண்ணினார். கண்டக்டர் தன்னை எண்ணுவதில்லை; வழிகாட்டியையும் சேர்க்கவில்லை. பதினொன்று.

கீழே, சுவருக்கு அப்பால் யாரோ பாறையைக் கொத்தும் சத்தம் கேட்டது. டொக். டொக்.

"டேப்பு போட்டிருக்கீங்களா தம்பி? ஜோரா இருக்கே."

"என்ன சத்தம் சார்?" என்றான் வழிகாட்டி. "சரி, ஒரு நிமிஷம் லைட்ட அணைக்கிறேன். அந்தக் காலத்து இருட்டு எப்படின்னு பாருங்க."

அணைத்தான்.

கொத்தும் சத்தம் நின்றது. எதையோ கீழே வைத்தார்கள். இரும்பு. பிறகு வேலை முடித்தவன் விடும் பெருமூச்சு, மிக நீளமாக, கண்டக்டரின் காதருகே. சட்டைப்பைக்குள் ஈரமான விரல்கள் நுழைந்தன. அவர் கத்த வாய் திறந்தார். வாய் நிறையப் புழுதி.

விளக்கு எரிந்தது. எண்ணினார். பன்னிரண்டு.

மறுபடி எண்ணினார். பன்னிரண்டு.

"கிளம்பலாம்," என்றான் வழிகாட்டி. எல்லோரும் கூண்டில் ஏறினார்கள். இவருக்குக் கால் எழவில்லை. குரலும் வரவில்லை. வழிகாட்டி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினான். "பன்னெண்டு. சரியா இருக்கு."

கம்பிக் கதவு சாத்திக்கொண்டது.

உள்ளே அவர் மனைவி, பக்கத்தில் நின்றவனின் தோளைக் கைக்குட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். "எங்க போய்ப் பெரண்டீங்க? ஒரே புழுதி. வீட்டுக்குப் போனதும் முதல்ல குளிங்க."

அவன் தலையாட்டினான். அவன் விரல்களுக்கு நடுவே பித்தளை மின்னியது.

கூண்டு ஏறியது. அவள் செருப்புதான் கடைசியாகத் தெரிந்தது.

இருட்டு.

டொக். டொக்.

மிக அருகில். அவர் மூச்சை அடக்கிக் கேட்டார். டொக். தோள் வலித்தது. டொக். அதற்குப் பிறகுதான், கடப்பாரை தன் கையில் இருப்பது தெரிந்தது.