நிலாவைத் திருப்பியது யார்?

புதன்கிழமை காலை, நிலா தீயணைப்புக் கருவியின் மேல் உதித்தது.

அது மேடையின் பின்திரையில், கடலுக்கு மேலே உதித்திருக்க வேண்டும். திங்கட்கிழமை அப்படித்தான் உதித்தது. இன்றோ அந்த வெள்ளை வட்டம் சுவரோரம் தொங்கிய சிவப்பு உருளையில் போய் உட்கார்ந்துகொண்டது. கப்பல் தலைவியாக நடித்த லேனாவின் முகத்தில் விழவேண்டிய ஒளி அவள் முழங்காலில் விழுந்தது.

"கஜந்தி! என்ன செய்கிறாய்?" என்று லேனா மேடையிலிருந்து கத்தினாள்.

"சரியான பொத்தானைத்தான் அழுத்தினேன்!"

கஜந்திக்குப் பதினொரு வயது. மூன்று வயதில் இலங்கையிலிருந்து டென்மார்க்குக்கு வந்தவள். டேனிஷ் மொழியில் சண்டை போடும் அளவுக்குத் தேறியிருந்தாள். இக்காஸ்ட் நகரத்துப் பள்ளியொன்றில் ஐந்தாம் வகுப்பு படித்தாள். 1992ஆம் ஆண்டு இலையுதிர் விழாவுக்காக அந்த வகுப்பு ஒரு கப்பல் நாடகம் போட இருந்தது. விழா சனிக்கிழமை.

இசை ஆசிரியர் ஹென்னிங் எங்கிருந்தோ நான்கு அதிசய விளக்குகளை இரவல் வாங்கி வந்திருந்தார். விளக்கு நின்ற இடத்திலேயே நிற்கும். அதன் முன்னால் உள்ள சிறு கண்ணாடி மட்டும் திரும்பித் திரும்பி, சொன்ன இடத்துக்கு ஒளியை அனுப்பும். சொல்வது கணினி. பக்கவாட்டுக்கு ஓர் எண், மேல்கீழாக ஓர் எண், நிறத்துக்கு ஓர் எண் என்று ஒவ்வொரு காட்சிக்கும் எண்களைக் கணினியில் பதிந்து வைத்தால் போதும். ஒரு பொத்தானை அழுத்தினால் நிலா வரும். அடுத்த பொத்தானுக்குப் புயல் வரும்.

எண்களைப் பதிந்தவர்கள் இரண்டு பேர். ஒருத்தி கஜந்தி. மற்றவள் ஸ்ரெபானி. அவளும் இலங்கைத் தமிழ்ப் பெண்தான், ஆனால் இக்காஸ்டுக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அதிகம் பேசமாட்டாள்.

ஹென்னிங் தலையைச் சொறிந்தார். "திங்கட்கிழமை எல்லாம் சரியாக இருந்ததே. யாரோ எண்களை மாற்றியிருக்கிறார்கள்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. நாளைக்குத் திருத்தலாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஆனால் வியாழக்கிழமை திருத்துவதற்கு ஒன்றும் இருக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் நிலா சமர்த்தாகக் கடலுக்கு மேலே வந்து நின்றது.

எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"யார் மாற்றினார்களோ அவர்களே பயந்துபோய்த் திரும்பவும் சரியாக்கியிருக்கிறார்கள்" என்றாள் லேனா. பிறகு கஜந்தியின் காதருகே வந்து, "இடைவேளையில் ஸ்ரெபானி வெளியே வருவதே இல்லை. கவனித்தாயா?" என்றாள்.

கஜந்தி அதுவரை கவனித்திருக்கவில்லை. அன்று கவனித்தாள்.

மற்றவர்கள் முற்றத்தில் சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, மண்டபத்தின் கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். ஸ்ரெபானி கணினியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு கொப்பி. திரையைப் பார்ப்பாள், கொப்பியைப் பார்ப்பாள், மறுபடி திரையைப் பார்ப்பாள்.

கஜந்தி கதவைத் தள்ளியதும் ஸ்ரெபானி திடுக்கிட்டுக் கொப்பியைக் கையால் மறைத்தாள்.

"என்ன எழுதுறாய்?"

"ஒண்டுமில்லை."

ஒன்றுமில்லை என்றால் ஏன் மறைக்க வேண்டும்?

அன்று மாலை வீட்டில் அப்பா சிவபாலன் செய்தி பார்த்துக்கொண்டிருந்தார். தமிழ் அகதிகள் தங்கள் குடும்பங்களைக் கூப்பிடக் கொடுத்த விண்ணப்பங்கள் ஏன் அவ்வளவு காலம் கிடப்பில் போடப்பட்டன என்பதுதான் அந்த நாட்களில் நாடு முழுவதும் பேச்சாக இருந்தது.

"சிரிச்சுக் கொண்டு கதைக்கிறாங்கள். உள்ளுக்க என்ன செய்யிறாங்களெண்டு ஆருக்குத் தெரியும்?" என்றார் அப்பா.

அவர் அரசாங்கத்துப் பெரிய மனிதர்களைச் சொன்னார். கஜந்திக்கு ஸ்ரெபானியின் முகம்தான் நினைவுக்கு வந்தது. ஆனால் ஸ்ரெபானி சிரித்ததும் இல்லை, அதிகம் கதைத்ததும் இல்லை.

வெள்ளிக்கிழமை கடைசி ஒத்திகை. நிலா வந்தது. இந்த முறை லேனாவின் காலில், அவள் சப்பாத்தின் மேல் உதித்தது.

மேடையில் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். லேனாவுக்கு மட்டும் கண் கலங்கிவிட்டது.

"ஸ்ரெபானிதான்! இடைவேளையில் வேறு யாரும் அந்தக் கணினிக்குக் கிட்டப் போவதில்லை. அவளை விளக்குக் குழுவிலிருந்து எடுங்கள்!"

ஸ்ரெபானி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். டேனிஷ் சொற்கள் வரவில்லை. முகம் சிவந்து தலையைக் குனிந்துகொண்டாள்.

ஹென்னிங் பெருமூச்சு விட்டார். "பத்து நிமிடம் ஓய்வு. பிறகு நான் ஸ்ரெபானியுடன் பேசுகிறேன்."

பத்து நிமிடம்தான் இருந்தது. எல்லோருக்கும் முன்னால் கேட்டால் அவள் இன்னும் சுருங்கிப் போவாள் என்று கஜந்திக்குத் தோன்றியது. அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போனாள்.

"ஸ்ரெபானி, உண்மையைச் சொல்லு. நீ நம்பருகளை மாத்தினனியே?"

"இல்லை. நான் ஒண்டும் மாத்தேல்லை."

"அப்ப அந்தக் கொப்பி?"

ஸ்ரெபானி பையிலிருந்து கொப்பியை எடுத்துக் கொடுத்தாள். பக்கம் பக்கமாக எண்கள். ஒவ்வொரு காட்சிக்கும் நான்கு விளக்குகளின் எண்களும் நேர்த்தியாகக் கோடு போட்டு எழுதப்பட்டிருந்தன.

"திங்கக்கிழமையே எல்லாத்தையும் பாத்து எழுதிப் போட்டன்" என்றாள் ஸ்ரெபானி. "எங்களைக் கூப்பிட அப்பா குடுத்த கடதாசியள் அரசாங்கக் கந்தோரில நாலு வருசம் கிடந்தது. அதுக்குப் பிறகு அம்மா எதையும் நம்பமாட்டா. எதெண்டாலும் ஒரு பிரதி எழுதி வைக்கச் சொல்லுவா."

கஜந்தி கொப்பியை இறுக்கிப் பிடித்தாள். "வா, பாப்பம்."

இருவரும் கணினிக்கு ஓடினார்கள். ஸ்ரெபானி கொப்பியிலிருந்து வாசித்தாள், கஜந்தி திரையில் விரல் வைத்துப் பார்த்தாள். நூற்றிருபது. சரி. நாற்பத்தைந்து. சரி. கடைசி எண் வரைக்கும் எல்லாம் சரி!

"ஒருத்தரும் மாத்தேல்லை" என்றாள் கஜந்தி மெதுவாக. "நம்பர் சரியெண்டா... பிழை விளக்கிலதான்."

அவள் ஹென்னிங்கைக் கூப்பிட்டாள். "நான்காம் விளக்கை மட்டும் போட்டுப் பார்க்கலாமா? நிலாவுக்கான விளக்கு அதுதானே? வலது ஓரத்தில் நிற்பது."

ஹென்னிங் தலையசைத்தார். கஜந்தி பொத்தானை அழுத்தினாள்.

வலது ஓர விளக்கு எரியவே இல்லை. இடது ஓரத்தில் நின்ற விளக்கு கண்ணாடியைத் திருப்பிக்கொண்டு லேனாவின் சப்பாத்தைத் தேடியது.

"அட!" என்றார் ஹென்னிங். ஓடிப்போய் அந்த விளக்கின் பின்புறம் குனிந்தார். அங்கே அரிசி அளவில் சின்னச் சின்ன ஆளிகள், அதாவது சுவிட்சுகள், இருந்தன. எந்த விளக்கு எத்தனையாவது என்பதை அவைதான் தீர்மானித்தன. "இதுதான் நான்காம் விளக்கு! இங்கே எப்படி வந்தது?"

சரியாக அந்த நேரத்தில், பள்ளியின் சாவிகளுக்கும் சாமான்களுக்கும் பொறுப்பான பெடெல் பௌல், பூப்பந்து வலையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தார்.

"விளக்குகளா? நான்தான் தள்ளி வைப்பேன்" என்றார் அவர். "இந்த வாரம் ஒவ்வொரு மாலையும் மண்டபத்தில் பூப்பந்து. ஒன்றும் உடையக்கூடாது என்று நான்கையும் களஞ்சிய அறைக்குள் வைத்துவிட்டுக் காலையில் திரும்பக் கொண்டுவந்து வைப்பேன். வயர்களைக்கூட மறக்காமல் கொளுவிவிட்டேன்." எல்லோரும் தன்னையே பார்ப்பதைக் கண்டு குரல் தாழ்ந்தது. "ஏன்? நான்கும் ஒரே மாதிரித்தானே?" வியாழக்கிழமை மட்டும் அவை தற்செயலாகச் சரியான இடங்களில் நின்றிருக்கின்றன.

லேனா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கஜந்தி முந்திக்கொண்டாள்.

"ஆமாம், ஒரே மாதிரித்தான். நாங்கள்தான் இலக்கம் எழுதி ஒட்ட மறந்துவிட்டோம். நீங்கள் கவனமாக வைத்ததால்தான் ஒன்றும் உடையவில்லை."

பௌலே போய்ச் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீல நாடாக்களைக் கொண்டுவந்தார். விளக்கிலும் நிலத்திலும் ஒரே நிறம் ஒட்டினார்கள். லேனா தானாகவே முழங்காலில் உட்கார்ந்து பச்சை நாடாவை ஒட்டினாள். ஒட்டிவிட்டு ஸ்ரெபானியைப் பார்த்து, "மன்னித்துக்கொள்" என்றாள். ஸ்ரெபானி சிறிது யோசித்துவிட்டு, நீல நாடாவின் மறுமுனையை அவளிடம் நீட்டினாள்.

சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் நிறைந்திருந்தது. விளக்குகள் அணைந்தன. கஜந்தி பொத்தானை அழுத்தினாள். நிலா கடலுக்கு மேலே, இம்மியும் பிசகாமல் வந்து நின்றது. "ஓ!" என்று சனம் மூச்சுவிட்டது.

கணினி மேசையின் இருட்டில் கஜந்தி மெல்லச் சொன்னாள்: "ஸ்ரெபானி, நான் ஒண்டு சொல்லோணும். நான் உன்னைத்தான் சந்தேகப்பட்டனான்."

"தெரியும்."

"கோவமே?"

"இல்லை." ஸ்ரெபானி உதட்டைக் கடித்தாள். "நானும் உன்னைத்தான் சந்தேகப்பட்டனான். அதுதான் கொப்பியைக் கையால மறைச்சனான்."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பின்னாலிருந்து ஹென்னிங், "உஷ்! பொத்தான்!" என்றார்.

அன்றைக்குப் புயல் இரண்டு நொடி தாமதமாகத்தான் அடித்தது.